ஆறியதும் மறைந்துவிடும் கோளாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 1993-ல் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தவன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உங்கள் நாளிதழைப் புரட்டிவிட்டுத்தான் முதல் வண்டியில் கை வைப்பேன். மலைப்பாதையில் கார் தடுப்புச் சுவரில் மோதியது, பள்ளத்தில் இறங்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் அதில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "திடீரென பிரேக் பிடிக்காததால் கார் கட்டுப்பாட்டை இழந்தது." அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதிலும் இன்ஜின் பவரைக் கூட்டி ஓட்டுகிற இளைஞர்களின் வண்டிகளில் நான் பார்ப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சில மாதங்களுக்கு முன் பீளமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட சிறிய கார். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பா அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு குன்னூரிலிருந்து இறங்கியிருக்கிறார். பர்லியாரைத் தாண்டி ஒரு வளைவில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கம் இருந்த மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. "அண்ணா, நேத்து பெடலே இல்லைங்க. இன்னைக்குப் பாருங்க, நல்லாத்தான் பிடிக்குது. எனக்கே நம்ப முடியல" என்றார். நானும் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் தொளதொளப்பு இருந்ததே தவிர, அவர் சொன்ன ஆபத்தில் பாதிகூடத் தெரியவில்லை.

"திடீரென" என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது எண்ணெயே இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற ஒரு திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே போதும், கொதித்துவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலால் அழுத்துகிற அழுத்தம் முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பேடுக்குப் போய்ச் சேராது. வண்டி நின்று அரை மணி, ஒரு மணி நேரம் ஆறினால் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும். பெடல் பழையபடி மேலே வந்துவிடும். பிறகு யார் வந்து அழுத்திப் பார்த்தாலும் "பிரேக் சரியாத்தானே இருக்கு, ஓட்டுனவர் பதறிட்டார்" என்றுதான் சொல்வார்கள். ஓட்டியவர் பொய் சொல்லவில்லை, பார்த்தவரும் பொய் சொல்லவில்லை. வண்டி ஆறியதும் சாட்சி மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மலை இறக்கம் பிரேக்கிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். அந்த இறக்கத்தை முழுக்கப் பிரேக்கை வைத்தே சமாளித்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை ஏறக்குறைய 35 முறை அடித்து நிறுத்துவதற்குச் சமமான வெப்பம் உண்டாகும். இந்தக் கணக்கில் வண்டியின் எடை வராது. சின்னக் காரானாலும் பெரிய காரானாலும் 35 முறைதான். இந்த வெப்பத்தில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளத்தான் நீலகிரிப் பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். அந்தத் தம்பியின் வண்டி ஆட்டோமேட்டிக். லீவரை 'டி'யிலேயே விட்டிருக்கிறார். வேகம் கூடக்கூட அது தானாக மேல் கியருக்குப் போய்விட்டது. இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரமெல்லாம் முன் டிஸ்க்கின் தலையில் விழுந்தது. அதே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் வைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் சக்கரங்களைக் கழற்றினேன்.

முன்னால் இருந்தது கம்பெனி காலிப்பர் இல்லை. பேடைத் தள்ளுகிற பிஸ்டன் நான்கு கொண்ட, சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க். இணையத்தில் செட்டாக வாங்கி, பிராக்கெட் அடித்து எங்கோ மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏர் எடுக்கிற நிப்பிளை, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகிற திருகை, தேடினால் மேலே இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கீழே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார்கள். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி எடுத்தாலும் மேலே தங்கிய காற்று அசையாது. அந்தத் தம்பியும் சொன்னார்: "மாட்டின நாள்லேர்ந்து ரெண்டு தடவை மிதிச்சாத்தான் கெட்டியாகும், பழகிடுச்சுண்ணா." இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்ற பிரேக்குக்கு யாரும் பழகிக்கொள்ளக் கூடாது. அது வண்டி வாய்விட்டுச் சொன்ன முதல் எச்சரிக்கை.

பக்கம் மாறியதால் இன்னொரு கோளாறும் இருந்தது. இப்படிப்பட்ட காலிப்பர்களில் பல, டிஸ்க் உள்ளே நுழைகிற முனையில் சிறிய பிஸ்டனும் வெளியேறுகிற முனையில் பெரிய பிஸ்டனும் வைத்துத்தான் வருகின்றன. பேட் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக அப்படி. பக்கம் மாறினால் இதுவும் தலைகீழாகிவிடும். அவருடைய பேடுகள் ஒரு ஓரம் கனமாகவும் ஒரு ஓரம் மெலிந்தும் ஆப்பு போலத் தேய்ந்திருந்தன. மேல்பரப்பு கண்ணாடி போல மின்னியது, நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. பின் டிரம்மைத் தட்டித் திறந்தால், உள்ளே உரசுகிற ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் தாராளமாக இடைவெளி. அதாவது, பெடலை மிதித்தால் பிடிக்கிற பின் பிரேக் என்று ஒன்று நெடுநாளாகவே அந்த வண்டியில் இல்லை. ஆயிலை ஊசியால் உறிஞ்சி வெள்ளைக் கோப்பையில் விட்டேன். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், இது கடுங்காப்பி. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றிப் பவர் கூட்டுகிற வேலை, செய்த ரசீது இருக்கிறது, எக்ஸாஸ்ட் மாற்றிய ரசீது இருக்கிறது. ஆயில் மாற்றியதற்கு எதுவும் இல்லை.

எனக்கு வருத்தம் அந்தத் தம்பி மேல் இல்லை. இன்ஜினைக் கூட்டிக் கொடுத்தவர்கள் வண்டியை ஒரு தடவை லிஃப்டில் தூக்கி, பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். குதிரைத்திறன் கூடினால் ஒவ்வொரு வளைவுக்கும் வண்டி கூடுதல் வேகத்தில் வந்து சேர்கிறது. 80-ல் வந்துகொண்டிருந்த இடத்துக்கு 100-ல் வந்தால் வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது, பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ரீமேப்புக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்குகிறவர்கள் பிரேக் ஆயிலுக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் சேர்த்து வாங்கினால் எந்த வாடிக்கையாளரும் மறுக்கப் போவதில்லை.

இதைச் சொல்கிற உரிமை எனக்கு எப்படி வந்தது என்றால், நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டவன். 2004 வாக்கில் மாருதி எஸ்டீம் கார்களுக்கு இன்ஜின் வேலை செய்வது கோவையில் பெரிய மோகமாக இருந்தது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைத் தந்த கரிவரதன் வாழ்ந்த ஊர், அவர் பெயரிலேயே செட்டிபாளையத்தில் கார் பந்தய ஓடுதளம் இருக்கிற ஊர் இது. 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது எங்கள் பட்டறைத் தெருவே கொண்டாடியது. அப்படிப்பட்ட நாளில் ஒருவர் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்க என்று ஒரு எஸ்டீமைக் கொண்டுவந்தார். பெரிய காரின் காலிப்பரை எடுத்து, பிராக்கெட் கடைந்து, நானே முன்னால் மாட்டிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் போன் செய்தார்: பெடல் நீளமாகப் போகிறது, கால் தேட வேண்டியிருக்கிறது என்று. ஆறு தடவை ஏர் எடுத்தேன். காற்றே இல்லை.

கணக்கைப் பார்க்காததுதான் காரணம். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மில்லிமீட்டரிலிருந்து 54-க்குப் போனால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அவ்வளவு கூடுதல் திரவத்தையும், பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளுகிற அதே மாஸ்டர் சிலிண்டர்தான் தள்ளியாக வேண்டும். அதனால் பெடல் அவ்வளவு தூரம் கீழே போகும். சரி, மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெடல் மேலே வரும்; ஆனால் கால் கெட்டியாக மிதிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அதைக் கம்பெனிக்காரன் பல மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பான். முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால் முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் வழுக்கும்; நிற்கிற தூரம் குறையாது. பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டு, பின் பக்கத்துக்குப் போகிற அழுத்தத்தைக் குறைக்கிற வால்வைக் கவனிக்காமல் விட்டால் இன்னும் மோசம். ஈர ரோட்டில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி பம்பரமாகச் சுற்றும். அந்த எஸ்டீமில் பழைய காலிப்பரையே திரும்ப மாட்டி, நல்ல பேடும் புது ஆயிலும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பெடலைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

அதனால் பவர் கூட்டிய வண்டி வந்தால் இப்போது நான் போகிற வரிசையே வேறு. முதலில் ஆயில். டாட் 4-ஓ 5.1-ஓ, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. பெயரில் 5 என்று மட்டும் இருப்பது சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாற்றட்டும். அடுத்து பேட். பல பேடுகளின் முதுகிலோ விளிம்பிலோ அச்சடித்த எண்களின் கடைசியில் இரண்டு எழுத்து இருக்கும். எஃப்எஃப் என்றால் உராய்வு 0.35-லிருந்து 0.45 வரை; ஜிஜி என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. முதல் எழுத்து குளிர்ந்திருக்கும்போது, இரண்டாவது சூடாக இருக்கும்போது. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேட் மலைக்கு ஆகாது. ரேஸ் பேட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ரேஸ் பேட் சூடு ஏறினால்தான் கவ்வும். காலை எட்டு மணிக்கு காந்திபுரம் சிக்னலில் உங்கள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால், ஆறிக் கிடக்கிற ரேஸ் பேட் கைகொடுக்காது.

புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். ஆள் இல்லாத ரோட்டில் 60-லிருந்து 15 வரை அழுத்திக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி எட்டுப் பத்துத் தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு கொண்டுபோய் சிக்னலில் மிதித்தபடி நிற்கக் கூடாது. பேடின் அச்சு டிஸ்க்கில் திட்டாக ஒட்டிவிடும். பிறகு 80-ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடும். "டிஸ்க் பெண்டு" என்று சொல்லி இரண்டு புது டிஸ்க்கைத் தலையில் கட்டுவார்கள். டிஸ்க் வளைவதைவிட இந்தத் திட்டும், டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தில் படிந்த துருவும்தான் நான் அதிகம் பார்ப்பது. நூலளவு ஆட்டத்தையும் காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லேத்தில் கடைவதானாலும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகக் கூடாது. அடுத்தது டயர். பிரேக் எவ்வளவு பெரியதானாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தானே. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் எல்லாம் இத்தனையும் முடிந்து, ஓடுதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்.

வண்டி எப்போதும் முன்கூட்டியே சொல்லும் என்றேன் அல்லவா, அது பேசுகிற மொழியையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெடல் பஞ்சு போல இருந்தால் காற்று. பம்ப் செய்தால் மேலே வருகிறது என்றால் காற்றாகவும் இருக்கலாம், பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போயும் இருக்கலாம். சிக்னலில் மிதித்தபடியே நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் போய்விட்டது. ஒரு பக்கமாக இழுத்தால் காலிப்பரை நகரவிடுகிற கம்பி (ஸ்லைடிங் பின்) இறுகியிருக்கும், அல்லது ஆயில் போகிற ரப்பர் குழாய் உள்ளே ஊதி அடைத்திருக்கும். பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் இரண்டு காரணம். சூடேறிப் பேட் வழுக்கியிருக்கும், இல்லையென்றால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டருக்கு, அதற்கு வேண்டிய வேக்குவம் (காற்று உறிஞ்சல்) வரவில்லை. பவருக்காக இன்ஜினின் கேம் ஷாஃப்ட் மாற்றிய வண்டிகளில், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) வேக்குவம் குறைந்துவிடும். டர்போ வண்டிகளில் பூஸ்டர் பைப்பில் இருக்கிற ஒருவழி வால்வு கெட்டாலும் இதே தொல்லைதான். வீட்டிலேயே பார்க்கலாம்: இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே அமிழ்ந்தால் பூஸ்டர் நலம்.

சொந்த உபயோகக் கார்களுக்குப் பதிவு செய்ததிலிருந்து 15 வருடம் வரைக்கும் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை கிடையாது. லாரிக்கும் டாக்ஸிக்கும் இருக்கிற அந்தச் சோதனை இவற்றுக்கு இல்லாததால், பிரேக்கை வெளியாள் ஒருவர் கண்ணால் பார்க்காமலேயே ஒரு வண்டி இரண்டு மூன்று கை மாறிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சைலன்சர் சத்தத்துக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் வண்டியை ஓரம்கட்டுகிற அதிகாரிகள், பவர் கூட்டிய வண்டி என்று தெரிந்தால் அந்தப் பெடலையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. விபத்துச் செய்தி எழுதும் நிருபர்கள் "பிரேக் பிடிக்காததால்" என்பதோடு நிறுத்தாமல், ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, எந்த கியரில் இறங்கினார்கள், வண்டியில் என்ன மாற்றியிருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதட்டும். இன்னொன்று, ஏப்ரலில் ஊட்டிக்குக் கூட்டம் கிளம்புவதற்கு முன், மேலே சொன்ன பூஸ்டர் சோதனையையும் இரண்டாவது கியர் விஷயத்தையும் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு என்று தனியாகக் குறிப்பிட்டுப் போடுங்கள்.

பீளமேட்டுத் தம்பியின் காலிப்பர்களைப் பக்கம் மாற்றி, நிப்பிளை மேலே கொண்டுவந்து, மாஸ்டர் சிலிண்டரை அளந்து பார்த்தேன். பொருந்தவில்லை. அவரே யோசித்து, "கம்பெனி செட்டையே போட்டுடுங்கண்ணா" என்றார். நல்லவேளை, பழையதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வீட்டில் வைத்திருந்தார். புது டிஸ்க், புதுப் பேட், பின்னால் புது ஷூ, அட்ஜஸ்டர், ஒரு லிட்டர் டாட் 4. ஏர் எடுக்கும்போது அவரையே சீட்டில் உட்காரவைத்து "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று செய்யச் சொன்னேன். கண்ணாடிக் குழாயில் கறுப்பாக வந்து, குமிழி குமிழியாக வந்து, கடைசியில் தேன் நிறத்தில் ஒரே ஓட்டமாக வந்ததை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் கோத்தகிரி போய்விட்டு, இரண்டாவது கியரிலேயே இறங்கி, வருகிற வழியில் பட்டறையில் நிறுத்தினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடு அளவாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
பிரேக் மெக்கானிக் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.